முப்பத்தோராம் நாள்

தியமந்தாவுக்கு நேர்ந்தவை எல்லாம் ஒரு விருந்தை ஒரு நாள் தள்ளிவைத்ததால் நேர்ந்தவை. தள்ளிவைக்க விரும்பியவன் அவளுடைய கொழுந்தன் சாசி. அதற்காகப் பொய் சொன்னவள் அவளே. அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அறையில் இருந்த எல்லோரும் நினைத்தோம். நானும் அங்கே இருந்தேன். நேரத்தைப் பதிவேட்டில் எழுதியது என் கைதான். ஆகவே இதைச் சொல்லும்போது என்னை மட்டும் தனியே நிறுத்திக்கொள்ள முடியாது.

இஸ்ரவேலில், நெகேவ் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ஜெர்பாத் தீவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் நாங்கள் மூன்று வரிசைக் கட்டடங்களில் இருந்தோம். நானும் தியமந்தாவும் ஒரே மாடிப்படியில் எதிரெதிர் வீடு. நான் ஊர் மருத்துவ நிலையத்தில் எழுத்தர். அவள் நூல் ஆலையில் அறுந்த இழையை முடிச்சுப் போடும் வேலை பார்த்தாள். அவள் கணவன் ஃபராஜி பக்கத்துப் பண்ணையில் பருத்தி எடுக்கும் எந்திரம் ஓட்டினான். கல்யாணமாகிப் பத்து வருடம் பிள்ளை இல்லை. மாமியார் மெஸ்ஸவ்தா, ஃபராஜியின் அம்மா, அவர்களோடுதான் இருந்தாள். படியில் யார் ஏறினாலும் கேட்கும்படி சொல்வாள்:

"என் மகன் பாலைவனத்துல விதைச்சது இடுப்பளவு நிக்குது. வீட்டுக்குள்ளதான் ஒண்ணும் முளைக்கல."

தியமந்தா பதில் சொல்ல மாட்டாள். அவளுடைய அமைதியைப் பொறுமை என்று பலர் புகழ்ந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவள் கணக்கு வைத்துக்கொள்கிறாள் என்றுதான் தோன்றும்.

பதினோராம் வருடம் அவள் கருவுற்றாள். ஆறாம் மாதம் ஃபராஜி ஓட்டிய எந்திரத்தின் தூக்கிய கை மின்கம்பியில் பட்டு, அவன் அங்கேயே இறந்தான். துக்கத்தின் ஏழு நாளும் தரையில் உட்கார்ந்திருந்த அவளுடைய வயிற்றைத்தான் வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பிள்ளை இல்லாமல் ஒருவன் இறந்தால் அவன் மனைவி அவனுடைய சகோதரனுக்குக் கட்டுப்பட்டவள். பழைய காலத்தில் அவன் அவளைக் கட்டிக்கொண்டு செத்தவன் பெயரை நிலைநிறுத்துவான். இப்போது கட்டிக்கொள்வதில்லை. எங்கள் மதகுருக்களான ரப்பிகள் மூவர் முன்னிலையில் அவன் காலிலிருந்து அவள் ஒரு செருப்பைக் கழற்றுவாள், அத்தோடு விடுதலை. அதற்கு அவன் காலை நீட்ட வேண்டும். நீட்டாதவரை அவள் இன்னொருவனைக் கட்ட முடியாது. பிள்ளை பிறந்து தங்கிவிட்டால் இந்தப் பேச்சே எழாது. தங்குவது என்றால் முப்பது நாளை முழுதாகக் கடப்பது. முப்பதுக்குள் போனால் அதைப் பிள்ளை என்றே கணக்கில் எடுப்பதில்லை.

நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வலி முற்றிவிட்டது. மருத்துவ நிலையத்தின் பின்னறையில், ருமேனியாவிலிருந்து வந்த செவிலி பிரசவம் பார்த்தாள். மெஸ்ஸவ்தா தலைமாட்டில். நான் சுடுதண்ணீரோடு. சாசி வெளி நடையில். பையன் பிறந்தபோது எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் வெயில் இருந்தது. நான் பார்த்தேன். செவிலி தொப்புள்கொடியைக் கட்டி, குழந்தையைத் துடைத்து, என் கையில் கொடுத்தாள். நான் அவனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, முன்னறைக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன்: நாலு ஐம்பது. அன்றைக்குச் சூரியன் மறைவு நாலு நாற்பத்திரண்டு என்று நாட்காட்டியில் இருந்ததை நான் பார்க்கவில்லை. எதற்காகப் பார்க்கப்போகிறேன்?

சாசி பார்த்தான். அவன் எங்கள் ஜெபக்கூடத்தின் நிர்வாகி. அடுத்த வியாழக்கிழமை பெரிய ரப்பி ஒருவர் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், நுனித்தோலை நீக்கும் சடங்கு. எங்களுக்கு நாள் மாலையில், சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. புதன் வெயிலில் பிறந்த பையனுக்கு எட்டாம் நாள் அடுத்த புதன். புதன் பொழுது சாய்ந்தபின் பிறந்தவனுக்கு வியாழன். வியாழக்கிழமை என்றால் விருத்தசேதனத்தின்போது குழந்தையைப் பெரிய ரப்பி தன் மடியில் வைத்துக்கொள்வார், சாசி அவர் பக்கத்தில் நிற்பான்.

அவன் கதவருகே வந்து, கட்டிலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "அண்ணி, ஹுவாத்து கிழவர் வருவார், எப்போ பொறந்ததுன்னு கேட்பார். வெளிச்சம் போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அண்ணன் பேரு வைக்கப்போற புள்ள. பெரியவர் மடியில படுக்கட்டும்."

ஹுவாத்து எங்கள் ஊரில் ஆண் குழந்தைகளுக்கெல்லாம் விருத்தசேதனம் செய்தவர். எதையும் நோட்டில் எழுதிவைக்கும் மனிதர். வந்தார், கேட்டார். தியமந்தா மாமியாரைப் பார்த்தாள். மெஸ்ஸவ்தா குழந்தையின் காலை முத்தமிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாய்ஞ்சிருந்துச்சு," என்றாள் தியமந்தா.

கிழவர் எழுதிக்கொண்டார். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வார்த்தை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளப்பட்டதை அதற்குப்பின் நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை விருந்தில் மீனும் குஸ்குஸும் அத்திச் சாராயமும் ஓடின. பையனுக்கு அப்பன் பெயரே வைத்தார்கள், ஃபராஜி. பெரிய ரப்பி அவன் நெற்றியைத் தொட்டார். சாசி நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை.

நாலு வாரம் கடந்தபின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வியாழன் மாலை மருத்துவர் மருந்து கொடுத்து அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் என் கதவைத் தட்டினாள். குழந்தை தோளில் இருந்தது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கவில்லை. அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு அவசரமான நாள். எந்த வேலையும் செய்யக்கூடாத ஓய்வுநாளான சபாத் நாலேகாலுக்கு வந்துவிடும், அதற்குள் புதைத்தாக வேண்டும். பத்து மணிக்கு அடக்கக் குழுவின் ஆட்கள் வந்தார்கள். துக்கம் காப்பது உண்டா இல்லையா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஹுவாத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் நோட்டைப் பிரித்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். வியாழன் ஒன்று. அடுத்த வியாழன் எட்டு. பதினைந்து. இருபத்திரண்டு. நேற்று இருபத்தொன்பது. இன்று முப்பது.

"நாள் முடியல," என்றார்.

தியமந்தா புதனிலிருந்து எண்ணினாள். வாய்விட்டு, மெதுவாக. நேற்று முப்பது முடிந்தது. இன்று முப்பத்தொன்று. "வெயில் இருந்துச்சு," என்றாள். "நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

கிழவர் கொடியவர் அல்ல. அவர் கண் கலங்கியிருந்தது. "துக்கத்துல இருக்கற தாய் எதையும் சொல்வா அம்மா," என்றார். "நோட்டுல நீ தெளிவா இருந்தப்போ சொன்னது இருக்கு."

அவள் சாசியைப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஸ்ஸவ்தா அடுப்படியில் கீரையை வதக்கிக்கொண்டிருந்தாள், சபாத் குழம்புக்கு. கிளறும் சத்தம் நிற்கவில்லை. நான் பேசினேன். மொட்டைமாடியில் வெயிலைப் பார்த்ததாகச் சொன்னேன். பதிவேட்டில் நாலு ஐம்பது என்று எழுதியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அத்தோடு என் பேச்சு முடிந்தது.

குழந்தையை ஆண்கள் கொண்டுபோனார்கள். இத்தனை சின்னதைப் புதைக்கும் இடத்தை எங்களில் தாய்க்குச் சொல்வதில்லை. துக்கத்துக்கு அடையாளமாகத் துணி கிழிக்கவில்லை, தரையில் உட்காரவில்லை, கண்ணாடியை மூடவில்லை. ஒரு மணிக்கு மெஸ்ஸவ்தா சொன்னாள்: "எந்திரிடி. மெழுகுவத்தி நீதான் ஏத்தணும். மார் கட்டியிருந்தா துணிய இறுக்கிக் கட்டிக்க."

அவள் எழுந்தாள், துணியைக் கட்டிக்கொண்டாள், மெழுகுவத்தி ஏற்றினாள்.

அடுத்த மாதமே ரப்பிகள் மன்றத்தில் மனு கொடுத்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். பையன் முப்பத்தோராம் நாள் இறந்தான் என்று அவர்கள் எழுத வேண்டும். எழுதினால் அவள் ஒரு பிள்ளையைப் பெற்ற விதவை, சாசிக்கும் அவளுக்கும் ஒட்டு உறவு இல்லை. எழுதாவிட்டால் பையன் பிள்ளையும் அல்ல, அவளுக்கு விடுதலையும் இல்லை. எட்டு நிமிடம்தான் வித்தியாசம்.

மன்றத்தில் யாரும் அவளை அவமதிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள். தேநீர் வந்தது. மூவரில் மூத்தவர் என்னிடம் கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தது கை கழுவுவதற்கு முன்பா பின்பா என்று. பின்பு என்றேன். கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் என்றால் பொழுது சாய்ந்தபின். பத்து நிமிடம் என்றால் முன்பு. யாராவது கை கழுவும் நேரத்தை அளந்து வைத்திருக்கிறார்களா? செவிலி ஹைஃபாவுக்குப் போய்விட்டிருந்தாள். வெயிலைப் பார்த்ததாக அவள் எழுதிய கடிதத்தைக் கோப்பில் சேர்த்தார்கள்.

"மூணு பெண்கள் பார்த்திருக்கீங்க," என்றார் மூத்தவர். "வெளியில சாட்சி சொல்ல ஒரு ஆம்பளையாவது இருந்தாரா?"

சாசியைக் கூப்பிட்டார்கள். சகோதரன் சாட்சியாக முடியாது, ஆனாலும் கேட்டுவைப்போம் என்றார்கள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "கண்ண மூடிச் சங்கீத ஜெபம் சொல்லிட்டிருந்தேன் ரப்பி. அண்ணிக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும்னு."

பொய் சொன்னவளின் வார்த்தை பொய் சொன்னபோது எடுபட்டது. உண்மை சொன்னபோது எடுபடவில்லை. இதில் ரப்பிகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சட்டம் அவர்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை யோசித்து வைத்தவர்கள் ஒரு பிரசவ அறையில் இருந்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது. மூன்று வருடம் போய்வந்தாள். கடைசியில் மூத்தவர் தனியாக அழைத்து, இதை நிரூபிக்க முடியாது, கொழுந்தனிடம் செருப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சுலபமான வழி அதுதான் என்று சொன்னார்.

சுலபமாக இல்லை. அதற்குள் மெஸ்ஸவ்தாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் முழுசாகப் பிழைத்தது. சாசியின் மனைவி லூயிஸா, தன் வீட்டில் நாலு பிள்ளைகள், இடமில்லை என்றாள். தியமந்தாவின் வீட்டில் இடம் இருந்தது. காலையில் கிழவியைக் கழுவி, உடுத்தி, ஊட்டிவிட்டு ஆலைக்குப் போவாள், மதிய இடைவேளையில் ஓடிவந்து திருப்பிப் படுக்கவைப்பாள், மாலையில் மறுபடியும். காலை நீட்டுவதற்குச் சாசி பணம் கேட்கவில்லை. வீட்டைக் கேட்கவில்லை. மன்றத்திலிருந்து ஓலை வரும்போதெல்லாம் மரியாதையாக ஒரு காரணம் சொன்னான். பண்டிகை, இடுப்பு வலி, ஜெபக்கூடத்தில் வேலை. ஒரு தடவை படியில் வைத்து அவளிடமே சொன்னான்:

"அம்மா இருக்கறவரைக்கும் பொறுங்களேன் அண்ணி. எங்க ஓடிடப் போறேன்?"

ரஹமீம் என்று ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தார், மனைவியை இழந்தவர். இரண்டு வருடம் அவளுக்காகக் காத்திருந்தார். சபாத் முடிந்த மாலைகளில் வந்து என் வீட்டில் உட்காருவார், அவள் எதிர் நாற்காலியில் உட்காருவாள், கதவு திறந்தே இருக்கும். மூன்றாம் வருடம் ஒரு பள்ளிச் சமையல்காரியைக் கட்டிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து கொடுத்தார். நல்ல மனிதர்தான். காத்திருப்பதற்கு அவருக்கு ஒரு கடைசி நாள் இருந்தது, அவளுக்கு இல்லை.

அந்தப் பத்திரிகை வந்த வாரம் தியமந்தா மாமியாரிடம் கேட்டாள். நான் அப்போது சூப் கொண்டுபோயிருந்தேன். கிழவியின் முதுகைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்:

"அத்தை, அன்னைக்கு வெயில் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு," என்றாள் மெஸ்ஸவ்தா. "என் கையில வாங்கறப்போ அவன் முகத்துல பட்டுக் கண்ணச் சுருக்கினான்."

"உங்க மகன்கிட்டயாவது சொல்லுங்க. நீங்க சொன்னா அவனால தட்ட முடியாது."

"சொன்னா நீ போயிடுவ."

"போவேன்."

"அப்புறம் யாருடி என்னத் திருப்பிப் போடறது? லூயிஸாவா? அவ என்னக் குப்பையோட சேர்த்துக் கட்டிக் கீழ வச்சுடுவா." பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீ நல்லாத்தான் பார்த்துக்கற. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

தியமந்தா முதுகைத் துடைத்து முடித்தாள். பவுடர் தூவினாள். சட்டையை இறக்கிவிட்டாள். இந்த இடத்தில் நான் அவளைப் புகழலாம். ஆனால் அதற்குப்பின்னும் நாலு வருடம் அதே வேலையை அவள் அதே கவனத்தோடு செய்ததற்கு அன்பு காரணமா, பழக்கமா, வேறு எதுவுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எட்டாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. மன்றத்திலிருந்து வந்த ஓலைக்கு அந்த வாரமும் சாசி போகவில்லை. தியமந்தா கிழவியைக் குளிப்பாட்டி, நல்ல தலைத்துணி கட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். மாத்திரைகள், மாற்றுத் துணி, களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நாற்காலியின் பின்னால் மாட்டினாள். காற்று வாங்கப் போகிறோம் என்று கிழவி நினைத்தாள். சந்தைத் திருப்பத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. சபாத்துக்கு முந்திய கடைசி மணி, தெருவில் ஊரே ரொட்டியும் பூவும் வாங்கிக்கொண்டிருந்தது. கிழவி எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தன்னைக் கொல்லக் கொண்டுபோகிறாள் என்றாள். தள்ளிக்கொண்டு போனவள் நடையை மாற்றவில்லை. நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், பிறகு மூடிவிட்டேன்.

சாசியின் வீடு மூன்றாம் மாடி. பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர், விஷயம் தெரியாமல், நாற்காலியைத் தூக்கி மேலே வைத்தார்கள். லூயிஸா கதவைத் திறந்தாள். தியமந்தா பையைக் கையில் கொடுத்தாள். மூன்று மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இடது பக்கம் வேண்டாம், உப்பு குறைவாக என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் எங்கள் படிக்கு வந்து சேர்ந்தபோது சபாத் தொடங்கும் சங்கு ஊதிவிட்டது. இனி நாளை நட்சத்திரம் தெரியும்வரை யாரும் கார் எடுக்க முடியாது, தெருவில் எதையும் தூக்கிச் சுமக்க முடியாது. இதை அவள் நிமிடம் பார்த்துச் செய்திருந்தாள். நிமிடத்தின் மதிப்பை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

சனிக்கிழமை மதியம் சாசி நடந்தே வந்து கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. மாலையில் லூயிஸா சொன்னது அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டு, இரவுக்குள் எங்கள் கட்டடத்துக்கும் வந்துவிட்டது:

"ஒண்ணு போய் அவ காலப் பிடி. இல்லன்னா ரப்பிகிட்டப் போய் உன் கால நீட்டு. ஞாயித்துக்கெழம இந்தக் கட்டிலு இங்க இருந்தா நான் எங்கம்மா வீட்டுல இருப்பேன்."

பத்தே நாளில் மன்றத்தில் தேதி கொடுத்தார்கள். சாசியே போய்க் கேட்டு வாங்கினான். தியமந்தா வந்து அம்மாவைக் கொண்டுபோவாள் என்றும், அவளுக்குச் செருப்பைக் கொடுத்தால் கோபம் தணிந்துவிடும் என்றும் அவன் நம்பினான்.

தேதிக்கு இரண்டு நாள் முன்பு மெஸ்ஸவ்தா என்னை வரச்சொன்னாள். போனேன். இடது பக்கமாகவே படுக்கவைத்திருந்தார்கள். போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். பத்து நாளுக்குள் அவ்வளவு ஆழமான புண் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"அவகிட்டச் சொல்லு," என்றாள் கிழவி. "ரப்பிங்க இங்க வரட்டும். வெயில் இருந்துச்சு, நான் பார்த்தேன், என் மகன்தான் மாத்திச் சொல்லச் சொன்னான்னு சொல்றேன். சத்தியம் பண்ணியே சொல்றேன். என்ன அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லு."

வந்து சொன்னேன். தியமந்தா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. எட்டு வருடமாக அவள் கேட்டது அதுதான். பையன் முப்பத்தோராம் நாள் இறந்தவன் ஆவான். அவனுக்காகத் தரையில் உட்காரலாம்.

"அவ சொன்னா எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். பெண், செத்தவனின் தாய், நோயாளி. சாசியைப் பற்றியே சொல்வதால் ஒருவேளை யோசிப்பார்கள்.

"எத்தன வருஷம் யோசிப்பாங்க?"

நான் ஒரு கிழங்கை எடுத்துக் கழுவினேன்.

"அதுவரைக்கும் சாசி கால நீட்டுவானா?"

கிழவி இங்கே வந்துவிட்டால் அவன் ஏன் நீட்டப்போகிறான்? அவள் கிழங்கை உரித்து முடித்தாள், தண்ணீரில் போட்டாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது.

"எட்டு வருஷம் அவளுக்கு வாய் இருந்துச்சு," என்றாள். "வேண்டாம்னு சொல்லிடு."

சடங்கன்று அவள் விதிப்படி பட்டினியாக வந்தாள். நானும் உடன் போனேன். மன்ற எழுத்தர் ஒரு மூலையில் உட்காரவைத்து, அவள் சொல்ல வேண்டிய வரியைச் சொல்லிக்கொடுத்தார். என் கணவனின் சகோதரன் தன் அண்ணனுக்கு ஒரு பெயரை இஸ்ரவேலில் நிலைநிறுத்த மறுக்கிறான் என்பது அதன் பொருள். மூச்சு விடாமல், திக்காமல் சொல்ல வேண்டும். அவள் 'பெயர்' என்ற இடத்தில் இரண்டு தடவை நின்றாள்.

"பேரு இருந்துச்சு ஐயா," என்றாள். "பெரிய ரப்பி மடியில வச்சுத்தான் வச்சாங்க."

"அது இந்த வாக்கியத்துல இல்லம்மா," என்றார் எழுத்தர் பொறுமையாக. "இருக்கறத மட்டும் சொல்லுங்க."

மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள்.

மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் மாறியிருந்தார். புதியவர் இளைஞர், கனிவான குரல். சாசி வலது காலில் மன்றத்துச் செருப்பைப் போட்டு வார் கட்டியிருந்தான். நாலு முழம் நடந்து காட்டினான். காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். பிறகு இளைய ரப்பி கோப்பைப் புரட்டினார். செவிலியின் கடிதம், நோட்டின் நகல், என் பதிவேட்டின் நகல் எல்லாம் அதில் இருந்தன. அவர் அவற்றைத் தாண்டி ஒரு வெற்றுத் தாளை எடுத்தார்.

"பதிவுக்காகக் கேக்கறேன் அம்மா. இறந்துபோன உங்க கணவருக்குப் பிள்ளை உண்டா?"

உண்டு என்றால் சடங்கு நிற்கும். கோப்பு மறுபடி திறக்கும். சாசி செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவான், திரும்பி வரமாட்டான். எழுத்தரின் பேனா தாளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சாசியைப் பார்த்தாள். அவன் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், பயத்தோடு.

"இல்லை," என்றாள்.

"மகனோ மகளோ?"

"மகனும் இல்லை. மகளும் இல்லை."

எழுதினார்கள். அதன்பின் வரியைச் சொன்னாள், ஒரு மூச்சில். குனிந்து, வலது கையால் வாரை அவிழ்த்து, அவன் குதிகாலைத் தூக்கி, செருப்பைக் கழற்றித் தரையில் எறிந்தாள். அவன் முன்னால் துப்ப வேண்டும். துப்பியதை மூவரும் கண்ணால் பார்க்க வேண்டும். பட்டினியில் வாய் வறண்டிருந்தது. துப்பினாள், எதுவும் வரவில்லை. மறுபடி. வரவில்லை. எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார் எழுத்தர். அவள் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். என்ன நினைத்தாளோ, வந்தது. பார்த்தோம் என்றார்கள் மூவரும். செருப்புக் கழற்றப்பட்டவன் என்று மூன்று தடவை சொன்னார்கள்.

மாடிப்படியில் சாசி பின்னால் வந்தான், ஒரு காலில் வெறும் காலுறையோடு, தன் சொந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடி. "அம்மாவ எப்போ கூட்டிட்டுப் போறீங்க அண்ணி?" என்றான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஸ்ஸவ்தா அதன்பின் பதினோரு வாரம் உயிரோடு இருந்தாள். கடைசி இரண்டு வாரம் அந்தப் படியில் நாற்றம் தாங்கவில்லை என்று சொன்னார்கள். தியமந்தா அடக்கத்துக்குப் போகவில்லை. அவள் செய்தது சரி என்று சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. தவறு என்று சொல்லும் தகுதியுள்ள ஒருவரையும் அந்த ஊரில் நான் பார்க்கவில்லை.

இப்போது அஷ்தோதில் இருக்கிறாள், ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. போன வசந்தத்தில் போய்ப் பார்த்தேன். இந்த நாட்டில் பெயரைக் கேட்பதற்கு முன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்து மேசைக்காரி, ஐந்து பெற்றவள், கேட்டாளாம். தியமந்தா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டே இல்லை என்றாளாம். இப்போதெல்லாம் தடங்கலே இல்லாமல் வருகிறது என்றாள் என்னிடம்.

"ஒண்ணுகூடவா? அதான்டி உன் இடுப்பு இன்னும் இப்படியே இருக்கு," என்று அவள் இடுப்பில் ஈரக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்தப் பெண் அடுத்த மீனை எடுத்தாளாம்.